தார் ரோட்டில் விரித்த பெல்ட்டுகள்

எங்கள் தெருவுக்கு முதன்முதலாகத் தார் போட்டபோது அந்த வாசனையே பண்டிகை போல இருந்தது. அதுவரை செம்மண் பாதைதான். மழை பெய்தால் வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்போம். தார் போட்ட மறுநாள் என் கணவர் வேலை முடிந்து வந்தவர், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமல் தெருவின் கடைசிவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார்.

நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கு வந்தவர்கள். அவர் சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் ஊருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில், வெட்டி வரும் பூக்களைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டும் வேலையில் இருந்தேன். மகள் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்தது ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர்களுடைய தக்காளித் தோட்டம். மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டு, வீட்டையும் கிணற்றையும் மாட்டுக் கொட்டகையையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, பால் வாங்க வருபவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். அக்காவின் கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. மாடுகள்தான் அக்காவுக்கு எல்லாம்.

தார் போட்ட சூடு ஆறி சில மாதங்கள்கூட ஆகியிருக்காது. குடிநீர்க் குழாய் பதிக்க வந்தார்கள். தெருவுக்கு நல்ல தண்ணீர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் பகுதியில் ஒரு முழம் தோண்டினாலே பாறை. டயர் வைத்த சின்ன வண்டியால் முடியவில்லை என்று பெரிய பொக்லைன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டயர் கிடையாது. இரும்புப் பட்டைகள் கோத்த சங்கிலியின் மேல் நகரும். செயின் வண்டி என்பார்கள். வேலை தெருவின் மேல்கோடியில் நடந்தது. வண்டியை நிறுத்தி வைக்க இடம் இருந்தது கீழ்க்கோடியில். எனவே தினமும் காலையில் ஒருமுறை மேலே, சாயங்காலம் ஒருமுறை கீழே. அதை ஏற்றிப்போக ஒரு டிரைலர் வேண்டும். யாரும் அனுப்பவில்லை. புதுத் தாரின் மேலேயே அதை நடத்திக்கொண்டு போனார்கள்.

வெயிலில் தார் இளகிக் கிடக்கும். அதன்மேல் அந்த இரும்பு ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நேராகப் போன இடங்களில் சீப்பால் வாரியதுபோல வரிவரியாகத் தடம் விழுந்தது. தெரு வளையும் இடத்தில்தான் மோசம். வண்டி திரும்பும்போது ஒரு பக்கச் சங்கிலி நின்றுகொண்டு மறுபக்கச் சங்கிலி மட்டும் ஓடும். நின்ற சங்கிலி தாரைத் திருகிப் பெயர்த்துவிடும். கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையைக் கரண்டியால் நெட்டித் தள்ளியதுபோல, அந்த வளைவில் தார் சுருண்டு வரப்பாக எழும்பி நின்றது. தோண்டிய பள்ளத்தையோ, எடுத்த மண்ணைக் கொண்டே மேலாகத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. பெயர்ந்ததைச் சரிசெய்வது வேறு ஆட்களின் வேலை, அவர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னால் மழை வந்தது.

என் கணவருக்கு அன்று காலை ஷிப்ட். மதியத்துக்குப் பிறகு தூறலில் வந்துகொண்டிருந்தார். வளைவில் வண்டியின் முன்சக்கரம் சங்கிலித் தடத்துக்குள் இறங்கிவிட்டது. வெளியே எடுக்கத் திருப்பியிருக்கிறார். தார் வரப்பில் சக்கரம் வழுக்கி, வண்டி அவரோடு சேர்ந்து, மூடிய பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. அங்கே மண் மழையில் உள்வாங்கிக் குழியாகியிருந்தது. வண்டி அவர் இடுப்பின் மேல் விழுந்தது. பின்னால் காய்கறி ஏற்றி வந்த வேன்காரர்தான் இறங்கித் தூக்கினார். அந்த வேன் அன்று சற்று வேகமாக வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எனக்குப் பண்ணைக்குப் போன் வந்தது. கையில் ரோஜாக் கட்டு இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஓசூரில் முதலுதவி செய்து, எல்லை தாண்டிப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. தொடைக்குப் போகும் நரம்பு ஒன்றும் நசுங்கியிருந்தது. தகடு வைத்தார்கள், திருகு வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நான் அவர் காலில் விழப்போனேன். உயிருக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு வேறு எத்தனை அர்த்தங்கள் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மாதக்கணக்கில் படுக்கை. அவரைத் தூக்கிப் புரட்டுவதற்கு அக்கா வருவார். வெந்நீரில் துணி நனைத்து முதுகைத் துடைப்பேன். ஒருமுறை முதுகுக்குக் கீழே சிவந்து தோல் உரிந்துவிட்டது. படுக்கைப்புண் ஆறுவதற்குள் நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. ஆலையிலிருந்து உடன் வேலை செய்தவர்கள் முதலில் அடிக்கடி வந்தார்கள். பிறகு எப்போதாவது வந்தார்கள். அவருடைய இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்பதை அவர்களில் ஒருவர் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். என் கணவர் தலையை ஆட்டினார். அதிலிருந்து அவருடைய பேச்சு குறைந்தது. எங்கேயாவது எந்திரச் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்து, அது ஓயும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் போய்க் கேட்காத இடமில்லை. குழாய் பதித்தவர்கள் வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டார்கள் என்றார்கள் ஓர் இடத்தில். ரோட்டைச் சரிசெய்வது தங்கள் பொறுப்பில் இன்னும் வரவில்லை என்றார்கள் இன்னோர் இடத்தில். போலீஸ் பதிவில், மழையில் தானாக வழுக்கி விழுந்ததாகத்தான் எழுதப்பட்டிருந்தது. தானாக என்ற அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு, பஸ் நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சண்டை போடும் தெம்பு அன்றோடு போயிற்று. அவரைப் பார்த்துக்கொள்வதும் பண்ணைக்குப் போவதுமாக நாட்கள் ஓடின.

பிறகு ஒருநாள் திடீரென்று ரோட்டைச் சரிசெய்தார்கள். வளைவைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தில் ஜல்லி கொட்டி, மேலே புதிதாகத் தார் ஓட்டினார்கள். அதற்குள் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். ரோடு போட்டாயிற்று, வாசல்வரை வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

அந்தத் தாரும் ஒரு வருடம் தாண்டவில்லை. ரோட்டோரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று விசாரித்தால், பூமிக்கு அடியில் மின்கேபிள் பதிக்கப் போகிறார்களாம். சில நாட்கள் கழித்து, சாப்பாட்டுப் பையோடு பண்ணை வண்டிக்குக் கிளம்பியபோது, தெருமுனையில் டிரைலர் நின்றிருந்தது. அதிலிருந்து ஒரு செயின் வண்டி சரிவுப் பலகையில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. கால்கள் போய் அதற்கு முன்னால் நின்றன. வண்டி ஓட்டியவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், தள்ளிப் போகச் சொல்லி. நான் தள்ளவில்லை. அவர் எந்திரத்தை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சிங்காரப்பேட்டைப் பக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, இதை இந்த ரோட்டு மேல நடத்தக் கூடாது" என்றேன்.

"நடத்தாம எப்படிக்கா வேல செய்யறது? பாறைக்கு இந்த வண்டி இல்லாம முடியாது."

"அப்ப ரோடு பேந்து போகுமில்ல?"

அவர் கீழே இறங்கி வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வண்டிக்கு அடியில் பழைய ரப்பர் பெல்ட்டோ டயரோ விரித்து, அதன்மேல் நடத்தினால் தாருக்கு ஒன்றும் ஆகாது என்றும், தோண்டும் இடத்தில் மட்டும் முதலில் தாரைக் கட்டரால் கோடாக அறுத்துக்கொண்டால் பக்கத்துத் தார் பெயராது என்றும் சொன்னார். சில வேலைகளில் அப்படித்தான் செய்வார்களாம். "இங்க எதுவும் குடுத்து அனுப்பலக்கா. இருக்கறத வெச்சு ஓட்டுன்னுட்டாங்க" என்றார்.

அதற்குள் மேற்பார்வையாளர் பைக்கில் வந்துவிட்டார். போனில் யாருடனோ தெலுங்கில் பேசிக்கொண்டே இறங்கினார். பேசி முடித்துவிட்டு என்னிடம் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். ரோடு உடைந்தால் திரும்பப் போட்டுக் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான், கவலைப்பட வேண்டாம், நீங்கள் வேலைக்குப் போங்கள் என்றார்.

"போன தடவையும் போட்டுக் குடுத்தாங்க சார். போட்டுக் குடுக்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு விழுந்துட்டாரு."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன். என் கணவர் வாசல்படி தாண்டி, வாக்கரை ரோட்டில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எந்திரச் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். விழுந்த நாளுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, அவர் தெருவில் கால்வைத்தது அன்றுதான். செயின் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

தெருவில் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். பெல்ட் கொண்டுவர ஒரு வாரமாவது ஆகும், அதுவரை வண்டி சும்மா நிற்க முடியாது என்றார் மேற்பார்வையாளர். போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். எங்கள் பக்கத்திலும் குரல் ஏறியது. அக்கா இதையெல்லாம் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"வாம்மா, ஒரு கை புடி."

அவருடைய கொட்டகைத் தரை சப்படிக் கல். அகலமான பாறைக் கற்களைப் பாவியது. மாடு வழுக்காமல் இருக்க, சூளகிரிப் பக்கத்தில் ஜல்லி உடைக்கும் கிரஷரிலிருந்து கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டுகளை வாங்கி வந்து விரித்திருந்தார். உள்ளே நைலான் நூல் வைத்த கனத்த ரப்பர். அவற்றைத்தான் மாடுகளின் காலடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். நான் தயங்கினேன். "மாடு நிக்கறதுக்கு என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பகல்ல மாடுங்க தோட்டத்துல தானே கட்டிகினு இருக்குது. சாயங்காலம் திருப்பிக் குடுத்துட்டா போதும்" என்றார். அதையே மேற்பார்வையாளரிடமும் வந்து சொன்னார். அவர் சரி என்றார். சாயங்காலம் தானே ஆள் வைத்துக் கொண்டுவந்து விரித்துத் தருவதாகச் சொன்னார். தெருவில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

சாணி ஒட்டிய பெல்ட்டுகளைக் குழாயடியில் கழுவினோம். ரோட்டில் இரண்டு வரிசையாக விரித்தோம். வண்டி அதன்மேல் ஏறியபோது ரப்பர் முனகியது. இரும்புப் பட்டை ஒவ்வொன்றாகப் பதிந்து எழுந்தது. பின்னால் காலியான பெல்ட்டை, கேபிள் வேலைக்கு வந்திருந்த வடநாட்டுத் தொழிலாளிகள் இழுத்து முன்னால் போட்டார்கள். வண்டி அதில் ஏறியது. ஆமை நகர்வதுபோலத்தான். வளைவில் ஓட்டுநர் சட்டென்று திருப்பவில்லை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று அசைத்து அசைத்து, ஒரு துண்டு தார்கூடப் பெயராமல் திருப்பிவிட்டார். வண்டி நகர்ந்ததும் நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். தார் வெதுவெதுவென்று இருந்தது. தடமே இல்லை.

அன்று நான் பண்ணைக்குப் போகவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் தெருவில் யாராவது ஒருவர் மாற்றி மாற்றி நின்றோம். கட்டர் வந்தது. தாரைக் கோடு பிடித்து அறுத்தார்கள். கேபிள் போட்ட பிறகு மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல், கொஞ்சம் போட்டுத் தண்ணீர் விட்டு, குத்திக் கெட்டிப்படுத்தும் சின்ன எந்திரத்தை ஓட்டி, மறுபடி கொஞ்சம் போட்டார்கள். நாங்கள் நிற்கும்போது ஒழுங்காகச் செய்தார்கள். நிற்காத இடங்களில் எப்படிச் செய்தார்களோ தெரியாது.

முதலில் சொன்னபடியே சாயங்காலம் பெல்ட்டுகள் கொட்டகைக்குத் திரும்பின. வேலை தெருவின் மேல்கோடிக்கு நகர்ந்ததும் தாமதமாக வர ஆரம்பித்தன. அவ்வளவு கனத்தைத் தினமும் தூக்கிவந்து மறுபடி தூக்கிப்போவது வீண்வேலை என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்ததை நான் கேட்டேன். ஓட்டுநர்தான் ஆட்களை விரட்டிக் கொண்டுவரச் செய்வார்.

ஒரு நாள் ஓட்டுநர் விடுப்பில் போயிருந்தார். வண்டியை வேறு ஒருவர் ஓட்டினார். சாயங்காலம் பெல்ட்டுகள் வரவில்லை. அக்கா ஆள் அனுப்பிக் கேட்டார். காலையில் மறுபடி வேண்டும், ஒரு நாள்தானே, அங்கேயே கிடக்கட்டும் என்று பதில் வந்தது. பால் கறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வானமும் இருட்டிக்கொண்டு வந்ததால் அக்கா மாடுகளைக் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். தரை கழுவிய ஈரம் காயவில்லை. மற்ற மாடுகள் எப்படியோ உள்ளே போய்விட்டன. கடைசியாக வந்தது நிறைசினைப் பசு. கறுப்பும் வெள்ளையுமான பெரிய உடம்பு. அதன் பின்னங்கால்கள் இரண்டும் ஈரக் கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கி விரிந்தன. அப்படியே வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது.

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். அக்கா கூப்பிட்ட குரலில் ஓடினேன். மாடு கத்தவில்லை. எழுந்திருக்க முயன்றது, முன்னங்கால்கள் ஊன்றின, பின்பக்கம் எழவில்லை. மறுபடி முயன்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். தெருவில் இருந்த ஆண்களெல்லாம் வந்தார்கள். வயிற்றுக்கு அடியில் கோணிப்பையை நுழைத்துக் கயிறு கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். கொஞ்சம் எழும்பியது. கயிற்றைத் தளர்த்தியதும் சரிந்தது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். இடுப்பு இறங்கிவிட்டது, நரம்பும் நசுங்கியிருக்கலாம் என்றார். ஊசி போட்டார். இப்படி விழுந்த மாடுகள் எழுவது அபூர்வம் என்பதை அக்காவிடம் சொல்லாமல், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது என் கணவர் அங்கே இருந்தார். வாக்கரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்படித் தனியாகப் படி இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே பக்கமாப் படுக்க விடாதீங்கக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டணும். அடியில வைக்கோலை நெறைய போடுங்க. எலும்பு தரையில பட்டாப் புண்ணு வந்துரும்."

பல மாதங்களில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அன்று முதல் பகலெல்லாம் அங்கேதான் இருந்தார். நேரம் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டு மாட்டைப் புரட்டச் சொல்வார். தண்ணீர் வாளியை அதன் வாய்க்கு நேராகப் பிடிப்பார். ஈ மொய்க்காமல் துண்டால் வீசுவார். மாடு அவர் கையை நக்கும். பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இது எழாவிட்டால் அவர் என்ன ஆவார் என்று நினைத்தேன்.

விடுப்பு முடிந்து வந்த ஓட்டுநர் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். பெல்ட்டுகளையெல்லாம் ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு தானே வந்தார். கொட்டகை வாசலில் நின்றவருக்கு உள்ளே வரக் கால் எழவில்லை. அக்கா அவரைத் திட்டவில்லை. அந்தப் பக்கம் போடு என்று சுவரைக் காட்டினார், அவ்வளவுதான். அவர் இறக்கிப் போட்டுவிட்டு, மாட்டையும் பக்கத்தில் இருந்த என் கணவரையும் பார்த்தார். "நான் இருந்திருந்தா கொண்டாந்து போட்டிருப்பேன்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். போட்டிருப்பார் என்பது எனக்கும் தெரியும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கமே வரவில்லை.

மாடு படுத்தபடியே கன்று ஈன்றது. கன்றுக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு மாடு தீனி எடுக்கவில்லை. ஒருநாள் மதியம் ஒரு வேன் வந்தது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பலகை போட்டு இழுத்து ஏற்றினார்கள். அக்கா அதற்கு முன்பே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் கிளம்பும்வரை என் கணவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வைக்கோலையெல்லாம் வாக்கரின் காலால் ஒரு மூலைக்குத் தள்ளப் பார்த்தார். முடியவில்லை. நான்தான் கூட்டி அள்ளினேன்.

எங்கள் தெருவில் வேலை முடிந்து, செயின் வண்டியை டிரைலரில் ஏற்றிப்போனார்கள். அடுத்த தெருவில் பெல்ட் இல்லாமல்தான் வேலை நடந்தது. அங்கே யாரும் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. நானும் போகவில்லை. எந்த முகத்தோடு அக்காவிடம் மறுபடி பெல்ட் கேட்பது? ஓட்டுநர் அங்கே வெறும் தாரின் மேல்தான் வண்டியை நடத்தினார். வேலைக்குப் போக வர எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை. எங்கள் தெரு முடிந்து அடுத்த தெரு தொடங்கும் இடத்திலிருந்து வரிவரியாகத் தடம் ஆரம்பித்தது. பழைய தடம் எப்படி இருந்ததோ அப்படியே.

அக்கா என்னோடு பேசாமல் இருந்தார். கோபமாக நடந்துகொள்ளவில்லை. தண்ணீர் மோட்டாரைப் போடுவார், வாசலில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், பேச்சு மட்டும் இல்லை. வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். நான் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய்ச் சாணி அள்ளிக் கொடுத்துவிட்டு வருவேன். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அடுத்த தெருவில் ஒரு பெண் ஸ்கூட்டரோடு விழுந்தாள். ஏதோ கம்பெனியில் வேலை செய்கிற, நாட்றாம்பாளையம் மலைப்பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த பெண். முழங்கை எலும்பு உடைந்தது. சங்கிலித் தடத்தில் நின்ற தண்ணீரில் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் அக்கா கொட்டகையில் பெல்ட்டுகளைத் திரும்ப விரித்துக்கொண்டிருந்தார். அதுவரை அவற்றைத் தொட மனமில்லாமல் சுவரோரமாகவே விட்டுவிட்டு, மாடுகளுக்கு வைக்கோலைத்தான் பரப்பி வந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். கடைசிப் பெல்ட்டையும் விரித்து முடித்தோம்.

பிறகு அவராகவே சொன்னார்.

"அந்தத் தெருக்காரங்க வந்து கேட்டாங்கம்மா. கேஸ் பைப்புக்கு மறுபடி தோண்டப் போறாங்களாம், பெல்ட்டு குடுங்கன்னாங்க. இல்லன்னுட்டேன்."

நான் பெல்ட்டின் மடங்கிய முனையைக் காலால் நேராக்கினேன்.

"உம்மேல கோவம் இல்ல. நானாத்தான் எடுத்துக் குடுத்தேன். குடுத்தது தப்புன்னும் சொல்லல. ஆனா இன்னொரு வாட்டி குடுக்க எனக்கு மனசு வரல."

சரிக்கா என்றேன். வேறென்ன சொல்வது? அந்தத் தெருவில் விழுந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் கணவர் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு நடக்கிறார். தினமும் வெயில் தாழ்ந்ததும் தெருவில் இறங்குவார். இடுப்பை இழுத்து இழுத்து, தான் விழுந்த வளைவைக் கடந்து, எங்கள் தெருவின் தார் நன்றாக இருக்கிற எல்லைவரை போவார். அங்கே நின்று, பெயர்ந்து கிடக்கிற அடுத்த தெருவைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு திரும்பிவிடுவார். அதற்கு அப்பால் போக அவர் முயன்றதில்லை. போகச் சொல்லி நானும் கேட்டதில்லை.